நேரில் போகாமல் எழுதிய பக்கம்

நானும் என் சிநேகிதர் ஒருவரும் ஒரு போரைப் பற்றி ஏறக்குறைய இருபது வருடம் வாதாடினோம். போர் நடந்த நாட்டை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. எங்கள் எஸ்டேட் மஞ்சூருக்கும் அப்பால், குந்தா மலையின் முதுகில் இருக்கிறது. ஆனி பிறந்துவிட்டால் எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு மஞ்சு இறங்கிவிடும். அந்த மஞ்சுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து ஈராக்கின் மணலைப் பற்றிப் பேசினோம். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நான் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அவர் ஃபாக்டரியில், பறித்த பச்சை இலையைப் பரப்பி வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். என் குடும்பத்தைப் போலவே அவர் குடும்பமும் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் மலை ஏறியதுதான். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் இருவரும் பஸ் பிடித்து மஞ்சூர் பஜாருக்குப் போவோம். வளைவுகளில் பஸ் திரும்பும்போது ஜன்னல் ஓரத்தில் இருப்பவருக்குக் கீழே தரை தெரியாது, மேகம் மட்டும்தான் தெரியும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். எங்கேயும் இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் மிதப்பது போலிருக்கும், அது எனக்குப் பிடிக்கும். இறங்கியதும் டீக்கடை, டீக்கடையில் ஒரு டீவி, இரண்டு பேப்பர்.

அந்த நாட்டில் பேரழிவு ஆயுதங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் போருக்குப் போனார்கள். போய்த் தோண்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை. அப்படியானால் போருக்கு முன்னால் தலைவர்கள் கையில் இருந்த உளவுத் தகவல் என்ன? தகவலே தப்பா? இல்லை, அரைகுறையாக இருந்த தகவலைத் தங்களுக்கு வேண்டியபடி வளைத்துக்கொண்டார்களா? நான் வளைத்தார்கள் என்ற கட்சி. அவர், பாவம் நம்பி ஏமாந்தார்கள் என்ற கட்சி.

"ஏனுங்க, அத்தனை பெரிய நாடு. மேல சேட்டிலைட்டு சுத்துது. இருக்குதா இல்லீயான்னு தெரியாமயா படை அனுப்புவாங்க?" என்று நான் ஆரம்பிப்பேன்.

"தெரிஞ்சா அனுப்புவாங்களாங்க? நாளைக்கு ஒண்ணும் கெடைக்கலீன்னா மூஞ்சிய எங்க கொண்டு போயி வெக்கிறதுன்னு ஒரு நிமிசம் யோசிக்க மாட்டாங்களா? பயந்து போயிருப்பாங்க. பயத்துல எதைச் சொன்னாலும் நெசமாட்டத்தான் தோணும்."

"கீழ இருந்தவன் சந்தேகம்னுதானுங்க சொன்னான். மேல போயிச் சேரும்போது அது சத்தியமாயிருச்சு. நடுவுல உக்காந்து ஒருத்தன் எழுதினான் பாருங்க, அவனைப் புடிக்கோணும்."

இதைச் சொல்லும்போது என் குரல் ஏறும். டீ கிளாஸை மேஜையில் தட்டுவேன். எனக்கு முன்கோபம் உண்டு. அந்தக் கோபத்தை நியாயத்துக்காக வந்த கோபம் என்று டீக்கடைக்காரர் நினைத்தார், அவரும் நினைத்தார். உண்மை வேறு. நடுவில் உட்கார்ந்து எழுதுகிற அந்த ஆள் எப்படி எழுதுவான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மழைநாளில் அவருடைய வீட்டைப் பற்றி நான் அப்படித்தான் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கிப் போனார், திரும்பி வரவில்லை. நான் எழுதியது தவறு என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன் என்பதுதான் தெரியாது. அது தெரிந்துவிடக் கூடாதே என்பதுதான் அத்தனை வருடமும் என் பயம்.

எங்கள் எஸ்டேட்டில் தகவல் நோட்டு என்று ஒன்று உண்டு. காட்டையொட்டிய தோட்டம். வாட்சர்கள் சுற்றி வந்து காலையில் எதைச் சொன்னாலும், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே இடது பக்கத்தில் எழுத வேண்டும். பிறகு கிளார்க் அந்த இடத்துக்கே நடந்து போய்ப் பார்த்து, பார்த்ததை வலது பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வலது பக்கம் நிரம்பாமல் நோட்டு மானேஜர் துரையின் பங்களாவுக்குப் போகாது. எப்போதோ இல்லாத சிறுத்தைக்குப் பயந்து மூன்று நாள் பறிப்பை நிறுத்திய பிறகு பழைய துரை ஒருவர் கொண்டுவந்த பழக்கம். நல்ல பழக்கம்தான். அதைக் காப்பாற்றும் வேலை என்னுடையது.

போர் தொடங்கிய அந்த வருட மழைக்காலத்தில் ஓடைப் பக்கம் ஒரு காட்டெருமை தாடை சிதறிச் செத்துக் கிடந்தது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்திருக்கிறது. அவுட்டுக்காய் என்றால் வெடிமருந்தையும் சரளைக்கல்லையும் துணியில் உருட்டிக் கட்டி, மேலே பழத்தையும் கருவாட்டையும் பிசைந்து பூசி வைப்பது. யாரோ எங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் அதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. துரை என்னை இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை, சொன்னார். சாயங்காலத்துக்குள் தனக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்.

அன்று காலை ஒரு வாட்சர் வந்து சொன்னதை இடது பக்கத்தில் எழுதினேன். "மேல் லைன் கடைசி ஊடு. கதவு சந்துல பாத்தனுங்க. அடுப்புக்கு மேல துணியில கட்டி உருண்டை உருண்டையாத் தொங்குது. ஒரு மாதிரி நாத்தம். என்னன்னு சொல்லத் தெரியலீங்க. சமையல் சாமானாக்கூட இருக்கும்."

மேல் லைன் கடைசி வீடு அவருடையது. உருண்டை, துணி, நாற்றம் என்று எழுதிக்கொண்டு வரும்போதே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம் எல்லாம் சேர்த்து இடித்து உருட்டி வெயிலில் காயவைத்து வடகம் செய்வார். எங்கள் ஆட்களுக்கு அது பழக்கமில்லாத சாமான். எங்கள் மலையில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் வெயில் கிடைப்பதும் கஷ்டம், ஆகையால் பாதி காய்ந்ததைத் துணியில் முடிந்து விறகடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவார். ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டில் சாப்பிட்டபோது கத்திரிக்காய்க் குழம்பில் அந்த வாசம் என்னைத் தூக்கியடித்தது. இதென்ன என்று கேட்டேன். அந்த அம்மா ஒரு முடிச்சை அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டி, கெட்ட வாசனை மாதிரி இருக்கும், எண்ணெயில் போட்டதும் ஊரே திரும்பிப் பார்க்கும் என்று சொல்லிச் சிரித்தார்.

ஒரு விஷயத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகின்றன. வெடிமருந்தை அடுப்புக்கு மேலே காயப்போடும் பைத்தியக்காரன் எந்த ஊரிலாவது உண்டா? ஆனால் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் காலுறை, பிள்ளைகளின் பாட நோட்டு, செருப்பு, தீப்பெட்டி, எல்லாமே அடுப்புக்கு மேலேதான் காயும். வெடியும் அங்கேதான் காயும் என்று வாட்சரிலிருந்து துரை வரைக்கும் ஒருவர் விடாமல் நம்பத் தயாராக இருந்தோம்.

மேல் லைனுக்கு ஏற வேண்டுமானால் வழுக்குப் பாதையில் முக்கால் மணி நேரம். மழை விடவில்லை. ஏறிப் போனால் வடகம்தான் என்று எழுத வேண்டிவரும், துரைக்குச் சாயங்காலம் கொடுக்கப் பெயர் இருக்காது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள முடிந்தது, அதுதான் ஆச்சரியம். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தேயிலைச் செடியாக மறைந்தது. நான் பேனாவைத் திறந்து வலது பக்கத்தில் எழுதினேன். நேரில் பார்த்தேன், துணி உருண்டைகள் பதினொன்று, வெடிமருந்து வாடை. பதினொன்று என்ற எண் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. எண்ணிச் சொன்னால் நம்புவார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது.

மதியம் துரை மூன்று ஆட்களை அனுப்பினார். நான் அங்கே இல்லை. ஆனால் இருந்தவனைப் போல எல்லாம் நினைவிருக்கிறது, அப்படிப் பார்க்கும் வித்தை எனக்கு அன்றே கைவந்துவிட்டது போலும். முடிச்சுகளை அவிழ்த்தபோதே வடகம் என்று தெரிந்துவிட்டதாம். ஆனாலும் வந்தது வந்தோம், சும்மா விடக்கூடாது என்று கூரைப் பலகையைப் பெயர்த்தார்கள், மெத்தையைக் கிழித்தார்கள், அடுப்பை உடைத்து அதன் அடியில் தோண்டினார்கள். அந்த அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் வெளியே நின்றிருக்கிறார். லைனே வேடிக்கை பார்த்திருக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை. தகவல் தப்பு என்று துரை ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

மறுநாள் அவரைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டியிருக்கிறார் துரை. அவர் நேராக என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"மஞ்சுல பாத்திருப்பீங்க. தூரத்துல நின்னு சரியாத் தெரிஞ்சிருக்காது. உடுங்க" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக இன்றைக்கும் கூசுகிறேன். சில நாளில் அவர் மனைவி ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வீடு சோதனை போட்ட அவமானம் தாங்காமல் போய்விட்டார் என்று லைனில் பேசிக்கொண்டார்கள், நானும் அப்படியே நினைத்தேன். அவர் மாதம் ஒருமுறை கீழே போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். அங்கே சாப்பாடு போடுவார்களாம், பேச்சு மட்டும் கிடையாதாம். பார்த்துவிட்டு வந்த சனிக்கிழமைகளில் அவர் வாதத்துக்குச் சூடு அதிகமாக இருக்கும். தலைவர்கள் பாவம், நம்பித்தான் செய்தார்கள் என்று மேஜை மேல் சத்தியம் செய்யாத குறையாகப் பேசுவார்.

மழைக்காலத்தில் எஸ்டேட்டிலேயே வெதுவெதுப்பான இடம் இலை வாட்டும் மாடிதான். நீண்ட தொட்டிகளில் இலை பரப்பியிருக்கும், அடியிலிருந்து ஃபேன் காற்று ஏறும். பச்சை வாடை மெல்லப் போய் பழுத்த பழ வாசம் வரும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவரைப் பார்க்கப் போவேன், சுவரில் சாய்ந்ததும் கண் சொருகும். அந்த அரைத்தூக்கத்தில் திரும்பத் திரும்ப ஒரே கனவு. மணலில் நடக்க வேண்டிய ஆயுதப் பரிசோதகர்கள் வெள்ளைத் தொப்பியோடு எங்கள் லைனில் நடந்து வருவார்கள். ஒவ்வொரு வீடாக நுழைந்து பானையைத் திறந்து பார்ப்பார்கள். என்னிடம் வந்து, எங்கே பார்த்தாய், காட்டு என்பார்கள். நான் கையை நீட்டுவேன். நீட்டிய பக்கம் மஞ்சுதான் இருக்கும். மஞ்சு விலகினால் மணல், மணலுக்கு அப்பால் இன்னும் மஞ்சு. கனவில் யாரும் என்னைத் திட்டியதில்லை. எல்லோரும் மரியாதையாகக் காத்திருப்பார்கள், அதுதான் கஷ்டம்.

விழித்தால் அவர் இலையைப் புரட்டிக்கொண்டிருப்பார். என் மேல் ஒரு சாக்கைப் போர்த்தியிருப்பார்.

வருடங்கள் போயின. கடல் கடந்த நாடுகளில் விசாரணை வைத்தார்கள், அறிக்கை விட்டார்கள். ஒரு அறிக்கை உளவுத்துறையின் பிழை என்றால் அவர் டீ வாங்கிக் கொடுப்பார். தலைவர்கள் சந்தேகங்களை மறைத்து உறுதிபோலப் பேசினார்கள் என்று பேப்பரில் வந்தால் நான் வாங்கிக் கொடுப்பேன். தலைவர்கள் மாறினார்கள், டீக்கடையில் டீவி தட்டையானது, எங்களுக்குத் தலை நரைத்தது. நான் பேசப் பேச எனக்கு ஒன்று தெளிவானது. தெரிந்ததா தெரியாதா என்று கேட்டால் அந்த மனிதர்களால் பதில் சொல்லவே முடியாமல் இருக்கலாம். பேனாவைத் திறந்த நேரத்தில் எனக்குத் தெரிந்திருந்தது, எழுதி முடித்தபோது கொஞ்சம் மறந்திருந்தது, நோட்டு பங்களாவுக்குப் போனபோது நானே பாதி நம்பியிருந்தேன். இதை மட்டும் நான் டீக்கடையில் சொன்னதில்லை.

போன வருடம் அவருக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த வாரம் ஒரு மத்தியானம் மாடிக்குப் போனேன். செல்போனில் வேறொரு நாடு, வேறொரு ஆயுதச் சந்தேகம், அதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாதத்துக்குத் தயாராக உட்கார்ந்தேன். அவர் போனை அணைத்துவிட்டார்.

"ஒரு ஒத்தாசை பண்ணோணுமுங்க. எங்கூட ஒருக்கா கீழ வரோணும். அவ ஊட்டுக்கு."

"நான் எதுக்குங்க?"

அவர் இலையைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "சோதனை போட்டதுக்காக அவ போயிட்டான்னுதானே எல்லாரும் நெனைச்சீங்க? அதில்லீங்க. எழுதினது யாருன்னு கேட்டா. உங்க பேரச் சொன்னேன். 'அவருக்கு அது என்னன்னு தெரியும், நானே எடுத்துக் காட்டியிருக்கேன், தெரிஞ்சேதான் எழுதியிருக்காரு'ன்னா. இல்லவே இல்லைன்னு நான் சாதிச்சேன். மஞ்சுல தெரிஞ்சிருக்காது, மறந்திருப்பாருன்னேன். ரெண்டு நாளு இதே பேச்சு. மூணாம் நாளு, ஒரு நல்ல மனுசன் மேல பழி போடறியே, உம் மனசுதான் அழுக்குன்னு சொல்லிப்போட்டேன். அவ்வளவுதான். புள்ளையத் தூக்கிட்டுப் பஸ் ஏறிட்டா."

எனக்குக் காதில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"ஈராக்கு ஈராக்குன்னு உங்ககிட்ட அடிச்சுக்கிட்டேனே, அதெல்லாம் அவகிட்டப் பேச வேண்டியதுதானுங்க" என்று சிரித்தார். "நீங்க வந்து, தெரியாமத்தான் எழுதினேன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. அவ கேட்டுக்குவா. இருக்கற மிச்ச காலத்தை ஒரே ஊட்டுல கழிச்சுப்போடலாம்."

எவ்வளவு சுலபமான வார்த்தை. சொல்லியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார், நான் தப்பித்திருப்பேன். அந்த அம்மாவும் ஒருவேளை, வயதான காலத்தில் போகட்டும் என்று ஒத்துக்கொண்டிருப்பார். பழ வாசம் மாடி முழுக்க நிறைந்திருந்தது. இதுவும் கனவாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. பாழாய்ப்போன நாக்கு அன்றைக்கு மட்டும் நேராக நின்றது.

"அம்மிணி சொன்னதுதான் சரிங்க. எனக்குத் தெரியும். எழுதறப்பவே தெரியும். நான் மேல ஏறி வந்து பாக்கவே இல்லீங்க."

அவர் ஒரு கை இலையை அள்ளிப் பிடித்து, நசுக்கித் திறந்து பார்த்தார். வாட்டம் பதமா என்று பார்க்க நாள் முழுக்கச் செய்கிற வேலை அது. மறுபடியும் அள்ளினார், மறுபடியும் பார்த்தார்.

"அப்ப நான் அவளப் பேசினது..." என்றார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். நம்பரைப் போட்டு, மணி போவதைக் கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப் போவுது? அவகிட்டச் சொல்லுங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் யாருங்க என்ற குரல் கேட்டது. இருபது வருடத்துக்குப் பிறகும் அடையாளம் தெரிந்தது. நான் யாரென்று சொன்னேன். நேரில் வராமல் எழுதினதைச் சொன்னேன், அது வடகம் என்று தெரிந்தே எழுதினதைச் சொன்னேன். சோதனை போட்டபோது நான் ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். சொல்ல எல்லாமாகச் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதை நான் அவர்கிட்ட அன்னைக்கே சொன்னேன்" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்கம்மா. இப்பத்தான் தெரிஞ்சுது."

"உங்களுக்காக எங்கிட்ட அவ்வளவு சண்டை போட்டாரு. எனக்காக உங்ககிட்ட ஒரு நாள் போட்டிருக்காரா?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்க அந்த அம்மா காத்திருக்கவில்லை.

"போனை அவர்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மஞ்சு கண்ணாடியை ஒட்டி நின்றது. நான் படி இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். பிறகு, "ஆமா. நீ சொன்னதுதான் நெசம். அன்னிக்கே நீ சொன்னதுதான்" என்றார். அவர் அழுவது கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா என்னைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்ல, அவரு போயிட்டாரு" என்றார் அவர். "நான் மட்டுந்தான் இருக்கறேன். நீ சொல்லு."